டேனிஷ் முன்னிடைச்சொல்: இடிக்கிற இடத்தைப் பார்த்துத் திருத்துவது

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும். டேனிஷில் அதே வேலையைச் செய்யும் முன்னிடைச்சொல் தலைமாட்டில் தனியாக நிற்கும். இந்த இடமாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிடும், அதற்காக யாரும் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. நம்முடைய ஒற்றை ‘இல்’ அங்கே ‘ஈ’, ‘போ’, ‘வேத்’, ‘ஹோஸ்’, ‘ஒம்’ என்று ஐந்தாகப் பிரிந்து கிடப்பதுதான் வினை. ‘கு’ சில இடத்தில் ‘டில்’ ஆகும், சில இடத்தில் ஒன்றுமே இல்லாமல் மறைந்துவிடும். மொழிப்பள்ளியில் சிவப்புக் கோடு வாங்கிய என் பழைய கொப்பிகளைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டு உருபிலிருந்தே கிளம்பியிருந்தன. அதனால் ஒரு வாக்கியம் பிழைத்தால், எழுதும்போது மனதில் எந்தத் தமிழ் உருபு ஓடியது என்பதை முதலில் பிடியுங்கள்.

டேனிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘அது’ என்பதில் வரும் மெல்லிய தகரம் டேனிஷ்காரரின் மெல்லிய டகரத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் அதற்குத் ‘த’ போட்டேன். ‘ஒம்’ என்பது குறில். யாழ்ப்பாணத்து ‘ஓம்’ மாதிரி இழுத்தால் எதிரில் இருப்பவர் முழிப்பார்.

அறிகுறி: நீங்கள் சொன்ன வாக்கியத்தையே எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்கிறார்

டேனிஷ்காரர் முகத்துக்கு நேரே பிழை சொல்வது குறைவு. நீங்கள் ‘யை எர் ஈ ஆர்பைதெ’ என்பீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே ‘நோ, டு எர் போ ஆர்பைதெ’ என்பார் (இந்த ‘நோ’ மறுப்பு இல்லை, ‘அப்படியா’). அந்தப் ‘போ’தான் திருத்தம். இப்போது வேலையிடத்தில் நிற்கிறேன் என்பதற்குப் ‘போ ஆர்பைதெ’. ‘ஈ ஆர்பைதெ’ என்றும் ஒன்று உண்டு, அதற்கு உத்தியோகம் இருக்கிறது, வேலையில்லாமல் இல்லை என்று பொருள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இரண்டாவதைக் கேட்பார்கள், மனைவி தொலைபேசியில் முதலாவதைக் கேட்பார்.

காரணம்: ‘வேலையில்’, ‘ஆஸ்பத்திரியில்’, ‘வங்கியில்’, ‘தீவில்’ எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. அதை ‘ஈ’ என்று பெயர்த்துவிடுகிறோம்.

திருத்தம்: ஊரும் நாடும் ‘ஈ’. ஹேர்னிங், ஓர்ஹுஸ், டென்மார்க் எல்லாம் அப்படியே. தீவுகள் ‘போ’: போ ஃபூன், போ ஷெலன், போ போர்ன்ஹொல்ம், போ ஆமயர். யூலன் குடாநாடு, அதனால் ‘ஈ யூலன்’. இந்த அளவோடு விதி நின்றிருந்தால் நன்றாக இருக்கும். 1825 பெப்ரவரியில் வந்த புயல் வெள்ளம் மேற்குக் கரையை உடைத்து லிம்ஃபியோர்து என்ற நீர்வழிக்குள் கடலைப் பாயவிட்டது. அதன்பின் யூலனின் வடதலை வரைபடப்படி ஒரு தீவு. ஆனால் அங்கே இருப்பவர்கள் இன்றுவரை ‘ஈ வென்ஸுஸல்’, ‘ஈ டூ’ என்றுதான் சொல்கிறார்கள். கடல் வெட்டினாலும் வாய்ப்பழக்கம் வெட்டுப்படவில்லை. எதிர்ப்பக்கத்தில், சுதந்திர நாடாகி எத்தனையோ காலமான ஐஸ்லாந்துக்கு இன்னும் ‘போ ஈஸ்லன்’ என்பதே வழக்கம். கிரீன்லாந்துக்கு ‘ஈ’, ‘போ’ இரண்டும் காதில் விழும், நாடு என்று மதித்துச் சொல்வது ‘ஈ’. இலங்கைக்கும் இரண்டையும் கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் ‘ஃப்ரா ஸ்ரீலங்கா’ (ஸ்ரீலங்காவிலிருந்து) என்று சொல்லித் தப்பிக்கொள்ளுங்கள், ‘ஃப்ரா’வில் இந்தத் தகராறு கிடையாது.

கொப்பன்ஹேகனில் குடியேறியவர்களுக்குத் தனி வகுப்பே வேண்டும். ‘போ நோர்ப்ரோ’, ‘போ வெஸ்டர்ப்ரோ’, ‘போ ஓஸ்டர்ப்ரோ’. ஆனால் ‘ஈ வேல்பு’. பழைய நகர வாசல்களுக்கு வெளியே கல் பதித்த சாலைகள் ஓடின. இந்தப் பெயர்களில் உள்ள ‘ப்ரோ’ அந்தக் கல்தளத்தைக் குறிக்கிறது, தளத்தின் ‘மேல்’தானே குடியிருக்க முடியும். ‘போ ஃப்ரெதெரிக்ஸ்பேர்’ என்பதும் மனப்பாடப் பட்டியலில்.

கட்டடங்களுக்கு வரும்போது நான் விதி தேடுவதை விட்டுவிட்டேன். அலுவலகம், ஆஸ்பத்திரி, நூலகம், மருந்துக்கடை, பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், ஹோட்டல், தொழிற்சாலை, ரயில் நிலையம்: ‘போ’. வங்கி, கடை, சினிமா, நாடக அரங்கு, தேவாலயம், பாலர் பள்ளி, விமான நிலையம்: ‘ஈ’. நம் கோயிலும் தேவாலயத்தோடு சேரும். ஹேர்னிங் சித்தி விநாயகரிடம் போனாலும் பிரண்டெ அபிராமி அம்மனிடம் போனாலும் ‘ஈ டெம்ப்லெத்’. பொதுமக்கள் வந்துபோகும் நிறுவனம் ‘போ’, சுவருக்குள் அடைபட்ட இடம் ‘ஈ’ என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். வங்கிக்கு மக்கள் போவதில்லையா என்று நான் கேட்டேன், ஆசிரியை சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஆள் இருக்கும் இடம் என்றால் இரண்டும் இல்லை. டாக்டரிடம் இருக்கிறேன் என்பது ‘ஹோஸ் லேயன்’, டாக்டரிடம் போகிறேன் என்பது ‘டில் லேயன்’. நம்முடைய ‘இடம்’ உருபு ஆளுக்கு மட்டும் வருவதுபோலத்தான் ‘ஹோஸ்’, அதனால் இது தமிழருக்குச் சுலபம்.

படத்தில், பத்திரிகையில்: இரண்டும் தமிழில் ‘இல்’. டேனிஷில் படத்துக்குப் ‘போ’, பத்திரிகைக்கு ‘ஈ’. ‘டேனிஷ்’ என்ற சொல்லே மூன்று முன்னிடைச்சொல் கேட்கும். டேனிஷில் சொல்லு என்றால் ‘போ டேன்ஸ்க்’. பாடமாக எண்ணினால் ‘ஈ’, நாம் எழுதும் பரீட்சையின் பெயரே ‘ப்ரோவெ ஈ டேன்ஸ்க்’. டேனிஷில் கெட்டிக்காரி என்றால் ‘கோத் டில் டேன்ஸ்க்’.

இந்த அறிகுறியில் இன்னொன்றையும் சரிபாருங்கள். சில வேளை முன்னிடைச்சொல் சரி, பெயரின் வால்தான் பிழை, அதாவது ‘அந்த’ என்று குறிக்கப் பெயரின் கடைசியில் ஒட்டும் ‘அன்’ போன்ற ஒட்டு. பிள்ளை மாணவியாகப் பள்ளிக்கூடம் போவது ‘ஈ ஸ்கோலெ’, வால் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்காக நீங்கள் அந்தக் கட்டடத்தில் நிற்பது ‘போ ஸ்கோலன்’. ‘ஈ’யைப் ‘போ’ ஆக்கிப் பார்த்தும் முகம் மலரவில்லை என்றால் வாலைப் பாருங்கள்.

அறிகுறி: சொன்ன நாளில் நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள்

இதுதான் காசும் மானமும் போகிற பிழை. வந்த புதிதில் மேலாளரிடம் ‘மூன்று கிழமையில் ஊருக்குப் போறன்’ என்பதை ‘யை ரைஸர் ஈ ட்ரே ஊயர்’ என்று சொல்லிவைத்தேன். மூன்று கிழமை கழித்து நாலு நாள் விடுப்பு என்பது என் எண்ணம். அவர் விளங்கிக்கொண்டது, மூன்று கிழமை முழுக்க ஊரில் நிற்கப் போகிறேன் என்று. வேலை அட்டவணையில் என் பெயர் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.

காரணம்: ‘மூன்று வருடத்தில்’ என்றால் தமிழில் மூன்று வருடத்துக்குள் என்றும் எடுக்கலாம், மூன்று வருடம் போனபின் என்றும் எடுக்கலாம். நாம் சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்வோம். டேனிஷ் அந்த வசதியைத் தராது.

திருத்தம்: ‘இல்’லை வாயில் எடுக்கும் முன் தமிழிலேயே வேறு சொல்லால் மாற்றிச் சொல்லுங்கள். ‘மூன்று வருடமாக’ என்று வந்தால் ‘ஈ ட்ரே ஓர்’. ‘கழித்து’ என்றால் ‘ஒம் ட்ரே ஓர்’. ‘மூன்று வருடத்துக்குள் செய்து முடித்தேன்’ என்றால் ‘போ ட்ரே ஓர்’. ‘முன்பு’ என்றால் ‘ஃபோர் ட்ரே ஓர் சீதன்’. கடைசியில் வருகிற ‘சீதன்’னை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ‘ஃபோர்’ முன்னால் ஒரு கை, ‘சீதன்’ பின்னால் ஒரு கை, இரண்டும் சேர்ந்துதான் வருடத்தைத் தூக்க வேண்டும்.

கிழமை நாட்களுக்கு மூன்று கதவு. போன திங்கள் ‘ஈ மேன்டாஸ்’, வருகிற திங்கள் ‘போ மேன்டா’, திங்கள்தோறும் ‘ஒம் மேன்டாயன்’. தமிழில் மூன்றாவது பன்மையாக, ‘திங்கட்கிழமைகளில்’ என்று வரும். டேனிஷில் அது ஒருமை, வாலில் ‘அன்’ ஒட்டிய திங்கள். பன்மையாக்கி எழுதாதீர்கள். பருவங்களும் இதே மாதிரி: வருகிற கோடை ‘டில் சொமர்’, கோடைதோறும் ‘ஒம் சொமரன்’. ‘ஈ சொமர்’ இந்தக் கோடை, வினை இறந்தகாலத்தில் இருந்தால் இப்போது முடிந்த கோடை.

‘காலையில்’ என்பது தனியான பொறி. உருபுக்கு உருபு போட்டால் ‘ஈ மோர்ன்’ என்று வரும். அதற்குப் பொருள் ‘நாளை’! ‘காலையில் மாத்திரை போட்டேன்’ என்று தாதியிடம் சொல்லப்போய் ‘நாளை மாத்திரை போட்டேன்’ என்று சொல்லியிருப்பீர்கள். இன்று காலை, அது முடிந்துவிட்டது என்றால் ‘ஈ மோர்ஸ்’. தினமும் காலையில் என்றால் ‘ஒம் மோர்னன்’. நாளைக் காலை ‘ஈ மோர்ன் டீத்லி’.

கடிகாரத்தில் ‘ஈ’க்குக் குறைவு என்று பொருள். ‘டீ ஈ ஓடெ’ எட்டுக்குப் பத்து இருக்கிறது, அதாவது 7.50. ‘டீ ஒவர் ஓடெ’ 8.10. இதோடு முன்னிடைச்சொல் இல்லாத ஒரு குழியும் உண்டு. ‘ஹேல் நீ’ என்றால் நம் எட்டரை. ஒன்பதரை என்று நினைத்து ஒரு மணிநேரம் பிந்திப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வீதமும் இங்கேதான் வரும். மணிக்கு இத்தனை என்றால் ‘ஈ டீமன்’: ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகமும் அப்படித்தான், மணிக்கூலியும் அப்படித்தான். நாள், கிழமை, மாதம், வருடம் எல்லாம் ‘ஒம்’. கிழமைக்கு இரண்டு தரம் ‘டோ கேங்கெ ஒம் ஊயன்’. சம்பளம் பேசும்போது இது உதவும், ‘டீமன்’னுக்கு முன் ‘ஒம்’ போட்டால் காது சுளிப்பார்கள்.

அறிகுறி: ‘டில்’ எல்லா வாக்கியத்திலும் முளைக்கிறது

‘கு’ செய்த வேலை. ‘எனக்கு உதவு’ என்று நினைத்து, உதவு என்ற வினைக்குப் பின்னால் ‘டில் மை’ போடுவோம். அங்கே எதுவும் வேண்டாம், ‘யெல்ப் மை’ போதும். ‘எனக்குப் பதில் சொன்னார்’ என்பதிலும் ‘மை’ மட்டும். ‘சொன்னான்’ என்பதில் மட்டும் ஒரு முரண்: சாதாரணமாகச் சொன்னதற்கு ‘ஸே டில் மை’, விவரமாகச் சொன்னதற்கு ‘ஃபொர்டால்டெ மை’, ‘டில்’ கிடையாது. ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பதற்கும் எழுதுவதற்கும் ‘டில்’ உண்டு, அங்கே உங்கள் ‘கு’வை நம்பலாம்.

கேட்பது என்ற வினையில் கவனம். ஆசிரியரிடம் கேட்டேன் என்பதற்கு ஆசிரியரை நேராகப் போடுங்கள். இடையில் ‘டில்’ நுழைந்தால், அவர் சுகமா என்று நலம் விசாரித்தேன் என்று அர்த்தம் மாறும். வாக்கியம் இலக்கணப்படி சரியாக நிற்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

அறிகுறி: வினை சரி, பெயர் சரி, நடுவில் இருப்பது மட்டும் கோணல்

உணர்ச்சி வினைகளில் தமிழ் நமக்குப் பாதி வழி துணைக்கு வரும். அவன் மேல் கோபம்: ‘வ்ரேத் போ’. அவர் மேல் நம்பிக்கை: ‘ட்ரோ போ’. ‘மேல்’ என்றால் ‘போ’ என்று தெம்பாகச் சூத்திரம் எழுதிவைத்திருந்தேன். அடுத்ததாக அவள் மேல் காதல் வந்தது. அங்கே ‘ஃபொரெல்ஸ்கெத் ஈ’. டேனிஷ் காதல் மேலே உட்காராது, உள்ளே விழும். நாய்க்குப் பயம் ‘பாங்கெ ஃபோர்’, களைத்துச் சலித்தது ‘ட்ரெத் ஆ’, அவரைக் கல்யாணம் முடித்திருக்கிறேன் ‘கிஃப்ட் மெத்’. இருப்பதை நினைத்து மகிழ்ச்சி ‘க்லாத் ஃபோர்’, வரப்போவதை எதிர்பார்த்து மகிழ்ச்சி ‘க்லேத ஸை டில்’. விடுமுறையில் நின்றுகொண்டு இரண்டாவதைச் சொன்னால் விடுமுறை இன்னும் வரவில்லை என்று நினைப்பார்கள்.

திருத்தம் ஒன்றுதான். வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘வென்டெ’ என்றால் காத்திருத்தல் என்று அட்டையில் எழுதினால் அந்த அட்டை பாதி அட்டை. ‘வென்டெ போ’ என்று ஒரே சொல்லாக எழுதுங்கள், ‘டெங்கெ போ’ (நினைத்துக்கொள்வது), ‘டெங்கெ ஒவர்’ (ஆற அமர யோசிப்பது), ‘லேதெ எஃப்டர்’ (தேடுவது), ‘பே ஒம்’ (வேண்டிக்கேட்பது) என்று. இணையத்தில் இலவசமாக உள்ள ‘டென் டேன்ஸ்கெ ஓர்பொ’ அகராதியில் ஒரு வினையைத் தட்டினால், பொருளுக்குப் பக்கத்தில் யாராவது, ஏதாவது என்று இடம் விட்டு வாக்கியச் சட்டம் ஒன்றைக் காட்டும். அந்தச் சட்டத்தில் நிற்கிற முன்னிடைச்சொல்தான் நீங்கள் தேடியது. பலர் பொருளைப் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள். நானும் இரண்டு வருடம் தாண்டினேன்.

அறிகுறி: வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது என்கிறார்கள்

‘நான் இருக்கிற வீடு’. தமிழில் இதில் ‘இல்’ எங்கே? காணோம். பெயரெச்சம் உருபை விழுங்கிவிடும். ‘நான் மீன் வெட்டின கத்தி’ என்பதில் ‘ஆல்’ போயிற்று, ‘நான் காத்திருந்த பஸ்’ஸில் ‘கு’ போயிற்று. கேட்பவருக்கு எதுவும் குறைவதாகத் தெரியாது, நம் மொழியின் அழகுகளில் ஒன்று அது. அதே பழக்கத்தில் ‘ஹூஸத் யை போர்’ என்று நிறுத்திவிடுகிறோம். டேனிஷ் விழுங்காது. கடைசியில் ‘ஈ’ வந்தே ஆக வேண்டும்: ‘ஹூஸத் யை போர் ஈ’. கத்தி ‘க்னீவன் யை ஸ்கார் ஃபிஸ்கன் மெத்’.

சோதனை: பெயரெச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாக்குங்கள். ‘நான் வீட்டில் இருக்கிறேன்’, ‘நான் கத்தியால் வெட்டினேன்’. இப்போது எந்த உருபு தலைகாட்டுகிறதோ அதற்கு டேனிஷ் வினை கேட்கும் முன்னிடைச்சொல்லை எடுத்து வாக்கியத்தின் வாலில் வையுங்கள். முன்னிடைச்சொல் பின்னிடையில் போய் நிற்பது விசித்திரம்தான். தமிழ்க் காதுக்கு அது ஒரு வகையில் சொந்த ஊர்.

கேள்விகளும் இப்படியே. யாரோடு பேசுகிறாய்: ‘வெம் டேலர் டு மெத்?’ எங்கிருந்து வருகிறாய்: ‘வோர் கொமர் டு ஃப்ரா?’ எதைப் பற்றி நினைக்கிறாய்: ‘வா டெங்கர் டு போ?’ இந்தக் கடைசி வாக்கியம் ‘வா’ என்று தொடங்கிப் ‘போ’ என்று முடிகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன், பிறகு ஒருநாளும் வாலை விடவில்லை.

அறிகுறி: வீட்டுக்குப் போகிறேன் என்றால் சிரிக்கிறார்கள்

‘டில் யெம்’ என்றிருப்பீர்கள். போவது ‘யெம்’, இருப்பது ‘யெமெ’, முன்னிடைச்சொல் இரண்டுக்கும் கிடையாது. உள்ளே, வெளியே, மேலே, கீழே எல்லாம் இதே சோடி: போனால் ‘இன், ஊத், ஒப், நேத்’, இருந்தால் ‘இனெ, ஊதெ, ஒபெ, நேதெ’. ‘கு’ வந்தால் குட்டை, ‘இல்’ வந்தால் வாலில் எகரம். தமிழர் இதில் மற்றவர்களைவிட வேகமாகத் தேறுவார்கள், வீட்டுக்கு, வீட்டில் என்ற பிரிவு நமக்கு முன்பே இருக்கிறது.

அறிகுறி: எழுத்தில் சரி, வாயில் சொன்னால் விளங்கவில்லை

முன்னிடைச்சொல்லை அழுத்தி உச்சரிக்கிறீர்கள். கஷ்டப்பட்டுக் கற்ற சொல் அல்லவா, ஓங்கிச் சொல்லத்தான் தோன்றும். டேனிஷில் அது முணுமுணுப்பாகப் போக வேண்டும், அழுத்தம் அடுத்த சொல்லுக்கு. ‘ஹேன் டார் போ ஆர்பைதெ’ என்பதில் ‘ஆர்பைதெ’ ஓங்கினால் அவன் வேலைக்குப் போகிறான். ‘ஹேன் டார் போ’ என்று ‘போ’வை ஓங்கி நிறுத்தினால் அவனுக்கு உடம்பு போடுகிறது என்று பொருள். சக ஊழியரைப் பற்றிச் சொல்லும்போது முக்கியமான வித்தியாசம்.

அறிகுறி: ‘ஆஃப்’, ‘அத்’ இரண்டில் எதை எழுதுவது என்று தெரியவில்லை

பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ‘ஆ’ என்று தேய்ந்துவிடுவதால் டேனிஷ்காரரே எழுத்தில் இதைக் குழப்புவார்கள். தமிழில் ‘வழியே’ என்று போட முடிந்தால் ‘அத்’: படி வழியே இறங்குவது, தெரு வழியே நடப்பது, ஜன்னல் வழியே பார்ப்பது. ‘இருந்து’ என்று வந்தால் ‘ஆஃப்’: கதிரையிலிருந்து விழுவது, வீட்டிலிருந்து வெளியே வருவது. ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதும் ‘அத்’, அதை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். இந்த ஒன்றில் பிழைவிட்டு அலுவலகத்தில் யாராவது திருத்தினால், அவர் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள்.